தோள் இருக்கும்போது கொக்கி எதற்கு?

“தோளு இருக்கும்போது கொக்கி இன்னாத்துக்கு, தம்பி?” என்று கேட்டார், எங்கள் விறகுத் தொட்டியில் அப்பா காலத்திலிருந்து வேலை பார்க்கும் பெரியவர். அவர் கேலி செய்யவில்லை. கனமான அடிமரங்களை உருட்டுவதற்கென்று ஒரு கருவியைப் பட்டறையில் செய்யக் கொடுக்கப்போகிறேன் என்றதற்கு அவருக்குத் தோன்றிய நியாயமான கேள்வி அது. வியாசர்பாடியில் தொட்டி வைத்துப் பிழைக்கிறவன் அதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. லாரி லாரியாக விறகு இறக்கிய உடம்பு அவருடையது. வலது தோளில் காய்ப்பு ஏறிய மேடு சட்டைக்கு மேலேயே தெரியும். நாலு காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்து அவருக்குப் பாடம் எடுக்கிற தகுதி எனக்குக் கிடையாது. ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் மனம் இடம் தரவில்லை. அதில் எந்தப் பாதி சரி, எந்தப் பாதி ஒட்டவில்லை என்று பிரித்துப் பார்க்க நெடுநாள் பிடித்தது.

சரியான பாதி சவுக்கைச் சேர்ந்தது. சென்னைக்கு விறகு என்றாலே சவுக்குதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டுமென்று இந்தக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகளைப் போட்டார்கள். எஞ்சின்கள் நிலக்கரிக்குப் போன பிறகு சவுக்கு நம் அடுப்புகளுக்கு வந்தது. பிரியாணி அண்டாவுக்கும், பேக்கரி அடுப்புக்கும், ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் கூழ் காய்ச்சுவதற்கும் இன்றும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். நின்று எரியும், சூடு அதிகம். நான்கைந்து ஆண்டுகளிலேயே வெட்டிவிடுவதால் கட்டை தொடைப் பருமனைத் தாண்டுவது அரிது. நேராக இருக்கும். சும்மாட்டின் மேல் வைத்தால் சொரசொரத்த பட்டை வழுக்காமல் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுமையின் அளவைச் சுமக்கிறவரே முடிவு செய்துகொள்ளலாம். இன்றைக்கு இடுப்பு பிடித்திருக்கிறது என்றால் இரண்டு கட்டையைக் குறைத்துக் கட்டினால் போயிற்று. இப்படிப்பட்ட விறகுக்குத் தோளைவிடச் சிறந்த கருவி ஒன்று இருக்கிறதென்று நானும் நினைக்கவில்லை. பெரியவருடைய கருத்து அந்த விறகிலிருந்து உருவான கருத்து.

அந்த நிலைமை 2016-க்குப் பிறகு மாறத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது நகரத்துச் சாலையோர மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, குல்மோகர், வேம்பு என்று அதுவரை தொட்டிப் பக்கமே வராத மரங்கள், ரம்பத்தால் அறுத்த உருளைத் துண்டுகளாக வண்டிக்கூலிக்கே வந்து இறங்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் அதுவே நடந்தது. புயல் இல்லாத ஆண்டுகளிலும் கட்டடத்துக்காகவோ சாலைக்காகவோ எங்காவது ஒரு மரம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இவை சவுக்கு மாதிரி எரியாது, புகையும் கூடுதல். ஆனால் வெந்நீர் அடுப்புக்கும் பெரிய விசேஷச் சமையலுக்கும் விலை மலிவாக இருப்பதால் வாங்குவோர் உண்டு.

இந்தத் துண்டுகளின் எடையைக் கண்ணால் மதிப்பிட முடியாது. பச்சை மரம் கன அடிக்குச் சுமார் 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒன்றேகால் அடி குறுக்களவும் மூன்றடி நீளமும் உள்ள துண்டு 90 கிலோவைத் தாண்டும். அதே நீளத்தில் குறுக்களவு ஒன்றரை அடி ஆனால் 130 கிலோ. பார்வைக்கு நான்கு விரல்கூட இல்லாத வித்தியாசம், தூக்கும்போது இன்னொரு 40 கிலோவாக வந்து நிற்கிறது. ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அதுவும் வயது வந்த, உடல் திடமான ஆண்களுக்கான அளவு. எங்கள் தொட்டியில் அந்த அளவை யாரும் கேள்விப்பட்டதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். சவுக்கைப்போல இரண்டு கட்டையைக் குறைத்துக்கொள்ள இந்த மரம் இடம் கொடுக்காது. தூக்கினால் முழுதாகத் தூக்க வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. இறங்கிய இடத்திலேயே ஆப்பும் சம்மட்டியும் வைத்துப் பிளந்துவிடலாமே என்று கேட்கலாம். இடம் இருந்தால் அதுதான் முதல் வழி. எங்கள் தெருவில் லாரி நின்றால் பின்னால் தண்ணீர் லாரி ஹார்ன் அடிக்கும். இறக்கிய மரத்தை உடனே உள்ளே கொண்டுபோயாக வேண்டும்.

கொக்கியின் போல்ட்

இந்த வேலைக்கு அமெரிக்க மரவெட்டிகள் இரண்டு கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். கேன்ட் ஹூக் என்பது நான்கடி நீளக் கைப்பிடி. அடிப்பக்கத்தில் ஆடும் கொக்கி ஒன்று, நுனியில் மழுங்கிய பல் ஒன்று. கொக்கி மரத்தின் ஒரு பக்கத்தைக் கவ்வ, பல் மறுபக்கத்தில் ஊன்றிக்கொள்ள, கைப்பிடியைத் தள்ளினால் மரம் உருளும். பீவி என்பதும் ஏறக்குறைய இதேதான்; நுனியில் மட்டும் பல்லுக்குப் பதிலாகக் கூரான ஆணி இருக்கும். ஆற்றில் மிதக்கும் மரங்களைக் குத்தித் தள்ளவும், சிக்கிக்கொண்டவற்றை நெம்பிப் பிரிக்கவும் அந்த ஆணி வேண்டியிருந்தது. காணொளிகளில் பீவிதான் பார்க்க வீரமாக இருக்கும். பாதி சிமெண்டுத் தரையும் பாதிச் சேறுமாக இருக்கும் தொட்டியில் அந்த ஆணி சிமெண்டில் சறுக்கும், சேற்றில் புதையும். நெம்புவதற்கோ நம்மிடம் கடப்பாரைக்குப் பஞ்சமில்லை. ஆகவே மழுங்கிய பல் என்று முடிவு செய்தேன்.

புளியந்தோப்புப் பட்டறைக்காரரிடம் தாளில் வரைந்து காட்டினேன். பழைய லாரியின் கமான் பட்டையிலிருந்து கொக்கியைச் செய்தார். சாதாரணக் கம்பியில் செய்தால் இரண்டாம் நாளே நிமிர்ந்துவிடும் என்று அவரே சொன்னார். கைப்பிடியில் ஒரு வளையம் போட்டு அதில் கொக்கியைத் தொங்கவிட்டார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மரத்தில் மாட்டும்போது கொக்கி இடதும் வலதுமாக ஆடியது. ஒரு கையால் அதைப் பிடித்து வைத்தால்தான் கவ்வியது. அதாவது, கையை மரத்துக்கருகே கொண்டுபோகாமல் இருப்பதற்காகச் செய்த கருவி கையை அங்கேயே வரவழைத்தது. பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றி இரும்புப் பட்டை ஒன்றை இறுக்கி, இரண்டு காதுகள் வைத்து, குறுக்கே ஒரு போல்ட் போட்டார். இப்போது கொக்கி மேலும் கீழும் மட்டும் அசைந்தது, பக்கவாட்டில் அசையவில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜோசஃப் பீவி என்ற கொல்லர் 1850-களில் செய்த திருத்தம் இதேதான், அந்தக் கருவிக்கு அவர் பெயர் வந்ததும் இதனால்தான் என்று பிற்பாடு பட்டறைக்காரரிடம் சொன்னபோது, “அவருக்கும் கை நசுங்கி இருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

கைப்பிடிக்குக் கருவேலம். தொட்டியிலேயே சவுக்கு நேர்நேராகக் கிடக்கும்போது எதற்கு வெளியே வாங்குகிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள். சவுக்கு காயக் காய வெடிக்கும்; வெடித்த கைப்பிடி பாரம் ஏறும் நேரத்தில்தான் பிளக்கும். ஜிஐ என்கிற துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைப் போடலாமே என்றால், அது உடையாது என்பது உண்மை. ஆனால் வெயிலில் கிடந்த குழாயை மே மாதத்தில் தொட்டுப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், வியர்த்த கையில் அது சுழலவும் செய்யும். நீளம் நான்கடி. கைப்பிடி நீண்டால் பலம் கூடும் என்பதில் சந்தேகமில்லை: ஒன்றேகால் அடி உயரமுள்ள மரத்தின் தலையில் கையை வைத்துத் தள்ளுவதற்கும், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளுவதற்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். ஆறடி வைத்தால் இன்னும் கூடும்தான். ஆனால் இரண்டு பக்கமும் விறகு அடுக்கிய சந்தில் ஆறடிக் கோலைச் சுழற்ற முடியாது. எந்தக் கருவியையும் அது வேலை செய்யப்போகும் இடத்தின் அகலத்தை அளந்த பிறகுதான் வாங்க வேண்டும். பட்டியலைப் பார்த்து ஐந்தடி வாங்கி வைத்துக்கொண்டு, மூலையில் சாத்தியிருக்கும் தொட்டி ஒன்று எனக்குத் தெரியும்.

கருவி வந்தும் பெரியவர் அதைத் தொடவில்லை. இளைஞர்கள் இருவர் மட்டும் பயன்படுத்தினார்கள். அதற்காக அவர் சண்டையும் பிடிக்கவில்லை, பாராட்டவும் இல்லை.

ஐப்பசி மழை பெய்த ஒரு நாள் காலை, பெருங்கொன்றை அடிமரம் ஒன்று வாசலில் இறங்கியிருந்தது. பட்டை ஊறி உரிந்து, உள்மரம் சோப்புப் போட்டதுபோல் வழவழவென்று இருந்தது. எங்கள் தொட்டியின் தரை தெருவை நோக்கிச் சரியும். மழைநீர் உள்ளே நிற்கக் கூடாது என்று அப்பா அப்படிப் போட்டது. உள்ளே கொண்டுபோக வேண்டுமானால் மேட்டில் உருட்ட வேண்டும். இரண்டு பையன்கள் தெருப் பக்கம் குனிந்து நின்று, உள்ளங்கையால் மேலே தள்ளினார்கள். பாதி வழியில் ஒருவனுடைய செருப்பு வழுக்கியது. மரம் நின்றது, பிறகு ஒரு விரற்கடை பின்னால் வந்தது. அந்த ஒரு விரற்கடையைப் பார்த்தவர் பெரியவர்தான். சாத்தியிருந்த கொக்கிக் கோலை எடுத்தார், மேட்டுப் பக்கம் வந்தார், கொக்கியை மரத்தின் தலையில் வீசி மாட்டினார், கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். மரம் அப்படியே நின்றது. “முட்டு வை, முட்டு வை, வெச்சுட்டு அப்பால வா” என்றார். ஒருவன் பக்கவாட்டிலிருந்து கட்டையைக் கீழே செருகினான். இருவரும் மரத்தின் முன்னாலிருந்து விலகி வந்தார்கள். அதன் பிறகுதான் அவர் கோலைத் தளர்த்தினார்.

அந்த வேலையில் மரம் ஒரு அங்குலமும் முன்னேறவில்லை. இந்தக் கருவியைப் பற்றி நான் படித்ததெல்லாம் எவ்வளவு பாரத்தை எத்தனை எளிதில் நகர்த்தலாம் என்பதைப் பற்றியே இருந்தது. அவர் அதைக் கையிலெடுத்தது மரத்தை நிறுத்துவதற்காக. மரம் தூக்கும் வேலையில் உடம்புக்கு வரும் கேடு மரம் நகர மறுப்பதால் மட்டும் வருவதில்லை. நகரத் தொடங்கிய மரம் நிற்க மறுப்பதாலும் வருகிறது. தோளில் வைத்தால் ஆள் மரத்துக்குக் கீழே இருக்கிறார். கையால் தள்ளினால் மரம் திரும்பி வரும் வழியில் இருக்கிறார். கோலைப் பிடித்தவர் மட்டும்தான் மேட்டில், மரத்துக்கு எட்டத்தில், வேண்டுமானால் விட்டுவிட்டு நகரக்கூடிய இடத்தில் இருக்கிறார். அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும், இதைப் பிடித்திருக்கும் ஆள் எங்கே நிற்பார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். எத்தனை கிலோ தாங்கும் என்பது அடுத்தபடி. கோலுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. மரம் கைமீறி ஓடினால் கைப்பிடி சுழன்று தாடையில் அடிக்கும். அதனால் கைப்பிடியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டோ, அதன் மேல் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டோ நிற்கக் கூடாது.

முட்டுக் கட்டையை நான் ஒரு கருவியாகவே நினைத்திருக்கவில்லை. திருவொற்றியூர்த் தேரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வடம் பிடிப்பவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், சக்கரத்தடியில் சன்னக்கட்டை போடுகிறவர்கள் கையில்தான் தேரின் போக்கு இருக்கிறது. இப்போது எங்களிடம் வேப்பங்கட்டையில் அறுத்த முட்டுகள் ஒரு கூடை இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முழக் கயிறு கட்டியிருக்கிறது, கையை மரத்தடியில் விடாமல் இழுத்து எடுப்பதற்காக. தொட்டியில் இருக்கும் கருவிகளிலேயே செலவு குறைந்தது அதுதான்.

காசிமேட்டு ஐஸ்

பிளந்த விறகை எடுத்துப் போடுவது வேறு வேலை. அங்கே எடை பிரச்சினை இல்லை, குனிவதுதான். நாள் முழுக்கக் குனிந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து வண்டியில் எறிகிறவருக்கு மாலையில் நிமிரவே பிடிக்காது. இதற்கு வெளிநாடுகளில் கோடாரிக் காம்பு போன்ற ஒரு காம்பில் பறவை மூக்கு வைத்த ஒரு கொத்துக் கொக்கி உண்டு. மூக்கு நேராக இருந்தால் பிக்கரூன், வளைந்திருந்தால் ஹூக்கரூன் என்கிறார்கள். துண்டில் கொத்தி, இழுத்து, மணிக்கட்டைத் திருப்பினால் விட்டுவிடும். இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்துத் தள்ளுகிறவர்களைப் பார்த்த பையன்கள்தான் எங்களிடமும் வேலை செய்கிறார்கள். அந்தக் கொக்கியில் ஒன்றை வாங்கி வந்து முயன்றும் பார்த்தார்கள். ஐஸில் மூக்கு மெல்லப் பதிந்தாலே போதும், கட்டி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மரத்தில் நார் இருக்கிறது. காய்ந்த சவுக்கிலும் புளியிலும் கொக்கி தெறித்துத் திரும்பியது; பச்சைத் தூங்குமூஞ்சியில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. மூக்கைக் கொஞ்சம் தடிமனாக்கி, நுனியை மட்டும் அரத்தால் சீவி, காம்பை முழங்காலிலிருந்து கை தொங்கும் உயரம்வரை நீட்டிய பிறகு மிருதுவான மரங்களுக்குச் சரியாக அமைந்தது. அதிலும் துண்டின் பக்கவாட்டில் கொத்துவதைவிட அறுத்த முகத்தில் கொத்தினால் நன்றாகப் பதிகிறது.

சவுக்குக்கு இது ஆகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சவுக்குக்கு ஐஸ்காரர்களின் இன்னொரு கருவியான இடுக்கியே மேல். அதன் இரண்டு கைகளும் கத்தரிபோல் குறுக்கிட்டு, தூக்கத் தூக்க இறுகும். கீழே வைத்தால் தானாகவே தளரும். இரண்டு இடுக்கிகளை ஒரு தோள்கம்பின் நடுவில் தொங்கவிட்டு ஆளுக்கொரு முனை பிடித்தால், இரண்டு பேர் நிமிர்ந்தபடியே நடுத்தரக் கட்டை ஒன்றைக் கொண்டுபோகலாம். கட்டுமரத்தின் மரங்களைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கம்பில் காவிக்கொண்டு போனவர்களின் ஊரில் இதற்குப் புதுப் பெயர் தேவையில்லை. பெரியவர் இதை எதிர்க்கவே இல்லை. இதில் தோள் இருக்கிறதல்லவா.

கயிறும் பலகையும்

மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் முழு மரத்தை ஏற்ற வேண்டி வரும்போதுதான் எல்லாரும் “ஏலேலோ” போட்டுத் தூக்க ஆசைப்படுவார்கள். வண்டியின் தளம் ஏறக்குறைய இரண்டடி உயரம். ஆறடிப் பலகை இரண்டைச் சாய்த்து வைத்து, ஒரே கயிற்றின் இரண்டு முனைகளையும் வண்டியின் அந்தப் பக்கத்தில் கட்டி, நடுப் பகுதியை மரத்துக்கு அடியில் விட்டு மேலே திருப்பிக் கொண்டுவந்து இழுத்தால், மரம் கயிற்றின் மடிப்பில் உருண்டு ஏறும். பலகையின் சாய்வு பாரத்தை மூன்றில் ஒன்றாக்குகிறது, கயிற்றின் மடிப்பு அதில் பாதியாக்குகிறது. 90 கிலோ மரத்துக்கு உராய்வை விட்டுவிட்டால் 15 கிலோ இழுப்பே போதும். கப்பல்களில் பீப்பாய்களை ஏற்றப் பயன்பட்ட பழைய முறை இது. இதற்குக் கருவி என்று வாங்க வேண்டியது கயிறு மட்டும்தான். அந்தக் கயிற்றில் ஒரு எச்சரிக்கை உண்டு. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய நைலான் கயிற்றை எடுத்துவிடக் கூடாது. அது இழுக்க இழுக்க நீளும், அறுந்தால் அதே வேகத்தில் திரும்பி வந்து அடிக்கும். தடித்த நார்க்கயிறு கையைச் சிராய்க்கும், மழையில் ஊறிக் கனக்கும். ஆனாலும் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். இழுப்பவர்கள் இருவரும் வண்டிக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள், கீழே மூன்றாவது ஆள் முட்டுக் கட்டையோடு பக்கவாட்டில் நிற்பார். மரத்துக்கு நேர் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது.

சக்கரம் வைத்த மர வண்டி ஒன்று வாங்கலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சமதளம் உள்ளவர்களுக்கு அது வரம். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடிகள் சாலையைவிட இரண்டு அங்குலம் மேலேயோ கீழேயோதான் இருக்கின்றன. சின்னச் சக்கரம் முதல் மூடியிலேயே நின்றுவிடும்.

இன்னும் தீராதது செருப்பு விவகாரம். முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்த பூட்ஸ் நான்கு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். நம் ஊர் வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை நிற்கச் சொல்வது அநியாயம் என்று பையன்கள் சொல்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அதனால் கோலைப் பிடிக்கிறவரும் முட்டு வைக்கிறவரும் மட்டும், அடிமரம் உருளும் நேரத்துக்கு மட்டும், பூட்ஸ் போட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். பையன்கள் ஒருவாறு ஒத்துக்கொண்டார்கள். பெரியவர் கோலை எடுக்கிறார், முட்டு எங்கே என்று கேட்கிறார், பூட்ஸை மட்டும் போடுவதில்லை. அவருடைய அளவில் வாங்கவில்லை என்பது அவர் சொல்லும் காரணம். ஆறாம் நம்பர் கிடைக்கிறதா என்று பாரிமுனைக் கடைகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.